சங்கத்தின் இணைய முகவரி: படிக்கத்தக்கதாக அமைப்பது எங்ஙனம்?

கைத்தறிச் சேலை வாங்க விரும்புகிறவர் தியாகராய நகருக்கு நேரில் வந்துதான் ஆகவேண்டும் என்ற நிலை இன்று இல்லை. வீட்டில் இருந்தபடியே கைப்பேசியில் இரண்டு சொற்களைத் தட்டிச் சரக்கைப் பார்க்கிறார், விலையை ஒப்பிடுகிறார், பணத்தையும் செலுத்திவிடுகிறார். இம்மாறுதலை உணர்ந்து நெசவாளர் சங்கங்களும் விளைபொருள் விற்பனைச் சங்கங்களும் இணையதளங்களை அமைத்துவருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், தளத்தின் வண்ணத்தையும் படங்களையும் பற்றி நெடுநேரம் விவாதிக்கும் நிர்வாக சபைகள், அத்தளத்தின் முகவரி எவ்வாறு அமையவேண்டும் என்பதைப் பற்றி ஆலோசிப்பது அரிதாகவே இருக்கிறது.

முகவரி சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் வாடிக்கையாளர் நம்மைக் கண்டடைவதும், கண்டடைந்தபின் நம்புவதும், ஒருமுறை வந்தவர் மறுமுறை வருவதும் பெரிதும் அதைச் சார்ந்திருக்கின்றன. முகவரி கெட்டால் சரக்கு தேங்கும். சரக்கு தேங்கினால் தறி நிற்கும். ஆகவே, படிக்கத்தக்க முகவரி என்பது யாது, தேடுபொறி அதனை எவ்வாறு நோக்குகிறது, தமிழ்ச் சொற்களை அதில் எழுதுவது எங்ஙனம், முகவரியை மாற்ற நேர்ந்தால் செய்யவேண்டுவது என்ன என்பவற்றை இப்பாடத்தில் முறையாக ஆராய்வோம்.

1. தபால் விலாசமும் இணைய முகவரியும்

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியிலுள்ள ஒருவருக்குக் கடிதம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பெயர், கதவு எண், தெரு, பேட்டை, ஊர் என்று வரிசையாக எழுதி, இறுதியில் 600004 என்று குறிக்கிறோம். 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இந்த ஆறிலக்க எண்ணில் முதல் இலக்கமாகிய 6 தமிழ்நாடு, கேரளம் அடங்கிய தென்பகுதியையும், முதல் மூன்று இலக்கங்களாகிய 600 சென்னையையும், கடைசி மூன்று இலக்கங்கள் மயிலாப்பூர் அஞ்சலகத்தையும் சுட்டுகின்றன. தியாகராய நகருக்கு 017 என்றும், அடையாற்றுக்கு 020 என்றும் முடிவு எண்கள் உண்டு. கடிதங்களைப் பிரிப்பதற்கு எண் வசதியானது. வீட்டைத் தேடிவரும் உறவினருக்கோ தெருவின் பெயரும் கோயில் குளமுமே அடையாளம். எண்ணும் வேண்டும், பெயரும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இணையத்திலும் இதே நிலைமைதான். இணையத்தில் சேர்ந்த ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்களை மனிதர் நினைவில் வைத்துக்கொள்ள இயலாது என்பதனாலேயே 1983-ஆம் ஆண்டில் பெயர்முறை வகுக்கப்பட்டது. பின்னர், பக்கங்களைச் சுட்டும் முகவரியின் வடிவம் 1994-இல் நியமமாக வரையறுக்கப்பட்டது. முகவரி என்பது ஆதியிலேயே மனிதரின் வசதிக்காக ஏற்பட்டது என்பதை இதனால் அறிகிறோம்.

ஒரு மாதிரி முகவரியைக் காண்போம். நடைமுறையில் இவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்களில் அமைகின்றன. விளக்கத்தின் பொருட்டு இங்கே தமிழில் எழுதுகிறோம்.

நமதுசங்கம்.இன்/சேலை/பருத்தி/சுங்குடி

முதல் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதி தளப் பெயர். அதற்குப் பின்னுள்ளது பாதை. தளப் பெயரை வலப்புறத்திலிருந்து இடப்புறமாகப் படிக்கவேண்டும். 'இன்' என்பது நாட்டைக் குறிக்கும் பெரிய எல்லை. அதனுள் அடங்கியது 'நமதுசங்கம்'. பாதையையோ இடப்புறத்திலிருந்து வலப்புறமாகப் படிக்கவேண்டும். சேலை என்னும் பெரும் பிரிவினுள் பருத்தி, பருத்தியினுள் சுங்குடி. இந்த இரு திசைகளையும் அங்கத்தினர் மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். ஏமாற்று முகவரிகளைக் கண்டுகொள்வதற்கு இதுவே திறவுகோல் என்பதைப் பின்னர் காண்போம்.

2. இரு முகவரிகளின் ஒப்புமை

மேலே காட்டிய அதே பக்கத்திற்கு இன்னொரு விதமாகவும் முகவரி அமையலாம்:

நமதுசங்கம்.இன்/பொருள்.பிஎச்பி?ஐடி=4817&வகை=23&பக்கம்=2

இவ்வகை முகவரி, தளத்தை ஆக்கித் தந்தவரின் தரவுத்தளத்திலிருந்து அப்படியே வெளிவந்தது. வாடிக்கையாளர் கடைக்கு வந்து "சுங்குடி எங்கே இருக்கிறது?" என்று கேட்கும்போது, "சரக்குப் பேரேட்டில் 4817-ஆம் பதிவு" என்று குமாஸ்தா விடை சொல்வதற்கு இது ஒப்பாகும். விடையில் பிழை இல்லை, பிரயோஜனமும் இல்லை.

படிக்கத்தக்க முகவரியால் விளையும் நன்மைகள் நான்கு. முதலாவது, அதனைத் தொலைபேசியில் வாயால் சொல்லலாம். கேள்விக்குறியும் சமக்குறியும் நிறைந்ததை எவராலும் சொல்ல இயலாது. இரண்டாவது, சேலையின் விலைச் சீட்டிலும் மஞ்சள் பொட்டலத்திலும் அச்சிடலாம். விலைச் சீட்டில் கியூஆர் குறி அச்சிடும் சங்கங்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். முகவரி நீள நீள, அக்குறியிலுள்ள கட்டங்கள் மிகுந்து நெருக்கமாகின்றன. சிறிய சீட்டில் அது தெளிவின்றி அச்சாகிக் கைப்பேசிக்குப் புலப்படாமல் போகக்கூடும். மூன்றாவது, பிறர் அனுப்பிய முகவரியைப் பார்த்தவுடனேயே, திறக்கும் முன்பே, உள்ளே இருப்பது இன்னதென்று ஊகிக்கலாம். நான்காவது, கடைசிச் சொல்லை நீக்கினால் மேல் பிரிவுக்குச் செல்லலாம். 'சுங்குடி' என்பதை அழித்தால் பருத்திச் சேலைகள் அனைத்தும் காணக் கிடைக்கவேண்டும். அவ்வாறு கிடைக்கும்படி தளத்தை அமைப்பது தொழிலாளியின் கடமை. கிடைக்கிறதா என்று சோதிப்பது காரியதரிசியின் கடமை.

எண்ணே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அண்ணா சாலையில் அலுவலகம் கொண்டுள்ள 'தி இந்து' ஆங்கில நாளிதழின் இணையப் பக்கங்களை நோக்கினால், முகவரியில் முதலில் செய்திப் பிரிவும், பிறகு நகரத்தின் பெயரும், பிறகு தலைப்பின் சொற்களும், இறுதியில் கட்டுரையின் வரிசை எண்ணும் அமைந்திருக்கக் காணலாம். சொற்கள் வாசகருக்கு, எண் இயந்திரத்திற்கு. நாள்தோறும் நூற்றுக்கணக்கில் செய்தி வெளியிடும் ஸ்தாபனத்திற்கு அம்முறை பொருத்தமே. சில நூறு பொருள்களை விற்கும் சங்கத்திற்குச் சொற்கள் மட்டுமே போதும்.

இனி, சொல் நல்லதென்று சொல்லை அள்ளிக் குவிப்பதும் தவறு. 'மலிவு-விலை-நல்ல-பட்டு-சேலை-பட்டுச்சேலை-கல்யாணப்-பட்டு' என்று நீட்டினால் படிப்பவருக்கு வெறுப்பே மிஞ்சும். மூன்று அல்லது நான்கு சொற்களுக்குள் பொருளைச் சொல்லி முடிப்பது சிறப்பு.

3. தேடுபொறி எவ்வாறு படிக்கிறது?

கூகுள் முதலான தேடுபொறிகள் தாமாக இயங்கும் நிரல்களை ஏவி, ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்திற்குச் சென்று, கண்டவற்றை அட்டவணைப்படுத்துகின்றன. அந்நிரலுக்கு வெவ்வேறு முகவரிகள் தொடக்கத்தில் வெவ்வேறு பக்கங்களே. தியாகராய நகரில் பாண்டி பஜாரும் தியாகராய சாலையும் ஒன்றே என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்தவர் இரண்டையும் தனித்தனியே தேடி அலைவார். தேடுபொறியின் நிரலும் வெளியூர்க்காரரைப் போன்றதே.

சங்கத்தின் தளத்தில் சேலைகளை 4 விதமாக வரிசைப்படுத்தவும், 5 நிறங்களிலும் 3 விலைப் படிகளிலும் பொறுக்கவும் வசதி செய்து, ஒவ்வொன்றும் முகவரியில் ஏறும்படி விட்டுவிட்டால், 4 × 5 × 3 என்ற கணக்கில் ஒரே பட்டியலுக்கு 60 முகவரிகள் உண்டாகிவிடும். நிரல் தனக்குள்ள அவகாசத்தை இவற்றில் செலவிட்டுவிட்டு, புதிதாகச் சேர்த்த சரக்கைக் காணாமலே போகவும் கூடும். இக்குறையைத் தீர்க்கவே, 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஒரு பொதுமுறையை ஏற்றன. பல முகவரிகளில் தோன்றும் பக்கத்தினுள், "எமது முதன்மை முகவரி இது" என்று ஒரு குறிப்பு வரியைச் சேர்த்துவிடலாம். இதனைத் தளத்தில் சேர்க்குமாறு தொழிலாளியிடம் கேட்டுப் பெறுவது நிர்வாகத்தின் உரிமை.

சொற்களைப் பிரிக்கும் முறையிலும் கவனம் தேவை. சொற்களுக்கிடையே சிறு கோடு இடவேண்டும். அடிக்கோடு கூடாது என்று கூகுள் நிறுவனத்தின் வழிகாட்டுரை கூறுகிறது. இடைவெளி விட்டு எழுதினால், அவ்விடைவெளி சதவீதக் குறியும் 20 என்ற எண்ணுமாக மாறிக் கண்ணை உறுத்தும். ஆங்கில எழுத்துக்களைப் பயன்படுத்துமிடத்துச் சிறிய எழுத்தையே ஆளவேண்டும். தளப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றாகவே கொள்ளப்படும்; பாதையிலோ அவை வேறாகக் கொள்ளப்படக்கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். முகவரியில் சொல்லைச் சேர்த்த மாத்திரத்தில் தேடல் பட்டியலில் முதலிடம் கிட்டிவிடும் என்று கூறிக் கட்டணம் கேட்போர் உண்டு. முகவரியிலுள்ள சொற்களுக்குத் தேடுபொறி தரும் மதிப்பு சொற்பமே என்று கூகுள் நிறுவனத்தாரே பலமுறை தெரிவித்திருக்கின்றனர். பக்கத்தினுள் இருக்கும் விவரமே பிரதானம். நூலின் எண், அகலம், நீளம், சாயத்தின் தன்மை, நெய்த ஊர் ஆகியவற்றைத் தெளிவாக எழுதாத பக்கத்தை முகவரி மட்டும் காப்பாற்றாது. மேலும், 2025 ஜனவரி முதல் கைப்பேசித் தேடலில் கூகுள் பாதையைக் காட்டாமல் தளப் பெயரை மட்டுமே காட்டிவருகிறது. ஆகையால் தளப் பெயர் தெளிவாக இருக்கவேண்டியது முன்னிலும் முக்கியமாகிவிட்டது.

4. தமிழ் எழுத்தா, ஆங்கில எழுத்தா?

தமிழ் எழுத்திலேயே முகவரி அமைக்க இயலுமா என்று அங்கத்தினர் கேட்கின்றனர். இயலும். தளப் பெயரின் இறுதியில் வரும் எல்லைப் பெயர்களிலும் தமிழ் இடம்பெற்றுள்ளது. 2010-இல் '.இலங்கை' என்பதும், 2011-இல் '.இந்தியா', '.சிங்கப்பூர்' என்பவையும் உலக இணையப் பெயர்ப் பதிவின் மூல அட்டவணையில் ஏறின. மூன்று நாடுகளின் பெயர்கள் தமிழ் எழுத்தில் அவ்வட்டவணையில் நிற்பது நமக்குப் பெருமையே.

பாதையில் தமிழை ஆள்வதற்குச் சிறந்த உதாரணம், 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா. அதில் மயிலாப்பூரைப் பற்றிய கட்டுரையின் முகவரி 'மயிலாப்பூர்' என்றே தமிழில் முடிகிறது. உலாவியில் பார்க்கும்போது அது தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அதனைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது பல சமயங்களில் உருமாறிவிடுகிறது. காரணம் இது: 'மயிலாப்பூர்' என்பது நம் கண்ணுக்கு 6 எழுத்து. கணினியோ புள்ளியையும் கொம்பையும் காலையும் தனிக் குறிகளாக எண்ணி 11 என்று கொள்கிறது. அந்த ஒவ்வொன்றும் 3 பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு கூடிய 3 குறிகளாக எழுதப்படுகிறது. ஆக 11 × 9 = 99 குறிகள். 160 குறிகள் கொண்ட ஒரு குறுஞ்செய்தியில் இந்த ஒரு சொல்லே 99-ஐ விழுங்கிவிடும், படிக்கவும் இயலாது. 'சேலை' என்னும் ஈரெழுத்துச் சொல்கூட 36 குறிகளாக நீளும்.

தமிழ் எழுத்தில் வேறு சில நுட்பங்களும் உண்டு. லாயிட்ஸ் சாலை என்று முன்னர் வழங்கிய அவ்வை சண்முகம் சாலையை எடுத்துக்கொள்வோம். முதற்சொல்லை 'அவ்வை' என்றும் எழுதலாம்; 'ஔவை' என்றும் எழுதலாம். 'ஔ' என்பதைத் தனியெழுத்தாக அடிக்காமல் 'ஒ', 'ள' என்னும் இரண்டை அடுத்தடுத்து அடிப்போரும் உளர். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே; கணினிக்கு மூன்றும் வெவ்வேறு. அவ்வாறே ககரத்திற்கும் தமிழ் எண் ஒன்றுக்கும், உகரத்திற்கும் தமிழ் எண் இரண்டுக்கும் வடிவ ஒற்றுமை உண்டு. முகவரியைத் தமிழில் அமைக்கும் சங்கம் இவற்றைத் தட்டச்சு செய்வோருக்கு எடுத்துக்கூறி, ஒரே முறையை உறுதிசெய்துகொள்ளவேண்டும்.

ஆங்கில எழுத்தில் எழுதினால் சிக்கல் தீர்ந்துவிடுமா? அதுவும் இல்லை. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத ஒருமித்த வழி நம்மிடம் இல்லை. 2020-ஆம் ஆண்டு ஜூனில், 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்து வடிவத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் தமிழக அரசின் ஆணை வெளியாயிற்று. அதில் மயிலாப்பூரும் அடையாறும் அடங்கும். எழுத்துக் கூட்டிய முறையைப் பற்றி விமர்சனங்கள் எழவே, அம்மாதத்திலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. காஞ்சிபுரத்தையும் 'காஞ்சிபுரம்', 'காஞ்சீபுரம்', 'காஞ்சீவரம்' என்று ஆங்கிலத்தில் பலவாறாக எழுதுகிறார்கள். பட்டு வாங்குவோர் இவற்றில் எதனையும் தட்டக்கூடும்.

இந்நிலையில் நாம் கூறும் வழி இதுவே. தளப் பெயரை ஆங்கில எழுத்தில் பதிந்துகொண்டு, வசதியிருப்பின் தமிழ்ப் பெயரையும் பதிந்து, அதனை முதலாவதற்குத் திருப்பிவிடலாம். பாதையில் வாடிக்கையாளர் உண்மையில் தட்டும் சொல்லை ஆளவேண்டும். மஞ்சள் விற்கும் விவசாயச் சங்கம் வெளிமாநிலத்தாரை நாடினால் 'டர்மரிக்' என்ற ஆங்கிலச் சொல்லே ஏற்றது. தமிழரையே நாடினால் 'மஞ்சள்' ஏற்றது. ஈரோடு மஞ்சள் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. இத்தகைய பெயரைச் சட்டம் காக்கிறது. உரிமையுள்ள சங்கம் அதனை முகவரியில் ஊர்ப் பெயரோடு சேர்த்தே எழுதவேண்டும். எழுத்துக் கூட்டலில் ஒன்றைத் தெரிந்து, தீர்மானப் புத்தகத்தில் பதிந்து, எல்லாப் பக்கங்களிலும் அதையே ஆளவேண்டும். மற்ற வடிவங்களைப் பக்கத்தின் உள்ளே எழுதலாம்.

5. முகவரி மாறலாகாது

சென்னையில் வீட்டு விலாசம் எழுதுவோர் 'பழைய எண்', 'புதிய எண்' என இரண்டையும் எழுதுவது வழக்கம். மாநகராட்சி கதவு எண்களை மாற்றியபோது, பழைய எண்ணை அறிந்த தபால்காரரும் உறவினரும் கடன்காரரும் ஒரேநாளில் புதிய எண்ணைக் கற்றுக்கொள்ளவில்லை. ஆகவே மக்கள் தாமாகவே இரண்டையும் எழுதி, பழையதை அறிந்தவரையும் வீடு வரையில் அழைத்துவந்தார்கள். இணையதளத்தில் முகவரியை மாற்றுவோர் கைக்கொள்ளவேண்டிய தத்துவமும் இதுதான்.

வலையமைப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998-இல் எழுதிய கட்டுரையொன்றில், நல்ல முகவரி மாறாதிருக்கவேண்டும் என்றும், ஆக்கியவரின் பெயர், பக்கத்தின் தற்போதைய நிலை, பயன்படுத்திய மென்பொருளின் குறி முதலிய மாறக்கூடியவற்றை முகவரியில் ஏற்றலாகாது என்றும் வற்புறுத்தினார். ஒரு பக்கத்தை நூறு பேர் தத்தம் இடங்களில் குறித்துவைத்திருப்பார்கள். அது மாறிய அன்று நூறு பேரும் '404' என்ற பிழைப்பக்கத்தில் மோதிக்கொள்வார்கள். அவர்கள் நம்மிடம் முறையிடமாட்டார்கள். வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

அடையாற்றுக்கு அண்மையில் காந்தி மண்டபம் சாலையிலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் அது தொடங்கிற்று. பின்னர் நிறுவனத்தின் பெயர் மாறியபோதும், பல்கலைக்கழகம் என்னும் சொல்லின் சுருக்கத்தைத் தாங்கிய பழைய தளப் பெயர் கைவிடப்படவில்லை. உலகெங்குமுள்ள தமிழர் அறிந்த முகவரியாகையால் அதனைக் காத்தது தக்கதே. அதன் நூலகப் பக்கங்களோ நெடுங்காலம் ஓர் ஆங்கில எழுத்தும் சில எண்களும் சேர்ந்த குறியீட்டு முகவரிகளைக் கொண்டிருந்தன. முகவரியைப் பார்த்து இன்ன நூல் என்று சொல்ல இயலாது. தளப் பெயர் காத்த முறையிலிருந்து நிலைபேற்றின் அருமையையும், குறியீட்டு முறையிலிருந்து சொல்லின் அவசியத்தையும் நாம் ஒருங்கே கற்றுக்கொள்ளலாம்.

மாற்றுவது தவிர்க்க இயலாததாயின், பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்குத் தானே கொண்டுசேர்க்கும் '301' என்னும் நிரந்தரத் திருப்பத்தை அமைக்கவேண்டும். தேடுபொறிகளும் அதனை ஏற்று, பழைய பக்கத்திற்கு இருந்த மதிப்பைப் புதியதற்கு மாற்றிக்கொள்கின்றன. ஒவ்வொரு பழைய பக்கமும் அதற்கு நேரான புதிய பக்கத்திற்குத் திருப்பப்படவேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்திற்குத் திருப்புவது, மாட வீதி செல்லவேண்டியவரைச் சென்ட்ரலில் இறக்கிவிடுவதற்கு ஒப்பாகும். திருப்பத்தைக் குறைந்தது ஓராண்டாவது, இயன்றால் என்றைக்குமே, வைத்திருக்கவேண்டும்.

ஆண்டைக் குறிப்பதிலும் விவேகம் தேவை. தீபாவளித் தள்ளுபடிப் பக்கத்தின் முகவரியில் ஆண்டைச் சேர்த்தால் ஒவ்வோராண்டும் புதிதாகத் தொடங்கவேண்டிவரும். 'தீபாவளி-தள்ளுபடி' என்று மட்டும் வைத்து, ஆண்டுதோறும் உள்ளடக்கத்தைப் புதுப்பிப்பது நலம். ஆண்டறிக்கைக்கோ ஆண்டே அடையாளம். 'ஸ்கேன்0023' என்று ஏற்றாமல் 'ஆண்டறிக்கை-2023-24' என்று ஏற்றினால், அங்கத்தினர் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் தேடி எடுப்பார்.

6. ஏமாற்று முகவரியும் அங்கத்தினரின் பணமும்

படிக்கத்தக்க முகவரியால் விற்பனை பெருகுவது ஒரு நன்மை. மோசடி தடைப்படுவது அதனினும் பெரிது. இதனை மனத்திற்கொண்டே, இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டு, வங்கிகள் தங்கள் தளங்களை 'பேங்க்.இன்' என்று முடியும் பெயர்களுக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்றிக்கொள்ளவேண்டும் எனக் கட்டளையிட்டது. நகரக் கூட்டுறவு வங்கிகளும், மாநில, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் இக்கட்டளையில் அடங்கும். இவ்வெல்லைப் பெயரை வங்கியல்லாத எவரும் பெறமுடியாது என்பதே இதன் பலம்.

ஆனால் அந்தப் பலம் படிக்கத் தெரிந்தவருக்கே உதவும். 'நமதுவங்கி.பேங்க்.இன்' என்பது முறையான அமைப்பு. 'நமதுவங்கி.பேங்க்.இன்.சலுகை.காம்' என்பதோ முழு மோசடி. வலப்புறத்திலிருந்து படித்தால் அதன் எஜமானர் 'சலுகை.காம்' என்பது உடனே விளங்கும். இடப்புறத்திலிருந்து படித்து ஏமாந்தவரின் வைப்புத் தொகை நொடியில் மறைந்துவிடும். முதல் சாய்கோட்டைக் கண்டு, அங்கிருந்து இடப்புறமாகத் திரும்பிப் படிக்கும் பழக்கத்தை ஒவ்வோர் அங்கத்தினருக்கும் சங்கம் கற்பிக்கவேண்டும்.

நெசவாளர் சங்கங்கள் வங்கியல்ல. அவற்றிற்கு அவ்வெல்லைப் பெயர் கிடையாது. எனினும் கூட்டுறவு நிறுவனங்களுக்கென்றே 'கூப்' என்ற உலக எல்லைப் பெயர் 2000-இல் ஏற்கப்பட்டு, 2002 முதல் நடைமுறையில் இருக்கிறது. கூட்டுறவு அல்லாதார் அதனைப் பெற இயலாது. வாங்குவோர் பலர் இதனை இன்னும் அறியார். ஆகையால் '.இன்' பெயரோடு இதனையும் பெற்று வைத்துக்கொள்வது பற்றி நிர்வாக சபை ஆலோசிக்கலாம்.

முகவரியில் ஏற்றக் கூடாதவையும் உண்டு. அங்கத்தினரின் கணக்கு எண், ஆதார் எண், தொலைபேசி எண் ஆகியவை ஒருகாலும் முகவரியில் வரலாகாது. முகவரி உலாவியின் வரலாற்றிலும், சேவைக் கணினியின் பதிவேட்டிலும், நண்பருக்கு அனுப்பிய செய்தியிலும் தங்கிவிடும். பேரேட்டைத் தெருவில் விரித்துவைப்பதற்கு ஒப்பான செயல் அது.

7. நிர்வாக சபையார் செய்யவேண்டுவன

அ. தளப் பெயர் சங்கத்தின் பெயரிலேயே பதிவாகியிருக்கவேண்டும். தளம் ஆக்கித் தந்தவரின் பெயரிலோ, காரியதரிசியின் சொந்தப் பெயரிலோ இருந்தால், அவர் விலகும் நாளில் சங்கம் தன் கதவையே இழந்துவிடும். கட்டடத்தின் பத்திரத்தைப் போலவே இதுவும் சங்கத்தின் சொத்து. சொத்துப் பதிவேட்டில் குறிக்கத்தக்கது.

ஆ. புதுப்பிக்கும் தேதியை நாட்குறிப்பில் எழுதிவைக்கவேண்டும். '.இன்' பெயரை ஒரே தடவையில் 10 ஆண்டுகள் வரையில் பதியலாம். தவணை தவறி விடுபட்ட பெயரைப் பிறர் வாங்கி, நமது சங்கத்தைப் போலவே தளம் அமைத்துப் பணம் பறிக்கக்கூடும்.

இ. தளம் ஆக்குவோருடன் செய்யும் ஒப்பந்தத்தில், முகவரிகள் சொற்களால் அமையவேண்டும், மாற்றினால் திருப்பம் அமைக்கவேண்டும் என்னும் இரு நிபந்தனைகளையும் எழுத்தில் சேர்க்கவேண்டும்.

ஈ. பிரிவுகளின் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே தயாரித்து, எழுத்துக் கூட்டலோடு தீர்மானமாக நிறைவேற்றவேண்டும்.

உ. ஆண்டுக்கொருமுறை, இருப்புச் சரக்கைக் கணக்கெடுக்கும்போதே, பழைய விலைச் சீட்டுகளிலும் விளம்பரங்களிலும் அச்சிட்ட முகவரிகளைத் தட்டிப் பார்க்கவேண்டும். திறக்காதவற்றைக் குறித்துச் சீர்செய்யவேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை, சிரத்தையே வேண்டும். நெசவாளர் ஊடையும் பாவும் பிசகாமல் நெய்கிறார். விவசாயி வரப்பும் வாய்க்காலும் கெடாமல் காக்கிறார். அவர்களுடைய உழைப்பின் பயனை வாங்குவோரிடம் சேர்க்கும் வழியையும் அதே சிரத்தையோடு செப்பனிட்டு வைப்பது சங்கத்தை நடத்துவோரின் பொறுப்பு.

வகுப்பில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. உங்கள் சங்கத்தின் தளப் பெயர் யாருடைய பெயரில் பதிவாகியுள்ளது? அது எந்தத் தேதியில் முடிவடைகிறது?

2. உங்கள் சங்கத்தில் அதிகம் விற்கும் பொருளின் பக்க முகவரியைத் தொலைபேசியில் மற்றொருவருக்குச் சொல்லி எழுதச் செய்க. எத்தனை பிழைகள் நேர்ந்தன?

3. 'கைத்தறி' என்னும் சொல் முகவரியில் உருமாறும்போது எத்தனை குறிகளாகும்? புள்ளியையும் குறிகளையும் தனியே எண்ணிக் கணக்கிடுக.

4. 'பேங்க்.இன்' என்ற சொற்கள் ஒரு முகவரியின் நடுவில் காணப்பட்டால் அதனை நம்பலாமா? காரணம் கூறுக.

5. சென்னையின் பழைய, புதிய கதவு எண் வழக்கத்தோடு, நிரந்தரத் திருப்பத்தை ஒப்பிட்டு விளக்குக.